நிரந்தர நடிகர் குழுவைக் கலைக்காதீர்கள்

எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

இந்த நாடகப் பருவத்தோடு நிரந்தர நடிகர் குழுவை முடித்துக்கொள்வதாகவும், இனி ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியே நடிகர்களை அழைக்கப்போவதாகவும் ஒத்திகைக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். முதன்மைப் பாத்திரங்களுக்கு மக்களுக்கு அறிமுகமான முகங்கள் வருவார்களாம். இளம் நடிகர்கள் தேவைப்படும்போது அழைக்கப்படுவார்களாம். எங்களைப் பற்றி அந்தத் தாளில் இருப்பது இந்த ஒரு வரிதான். எங்களில் ஒருவரைக்கூட அழைத்துப் பேசாமல் எடுக்கப்பட்ட இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது.

நேரில் பேசாமல் ஊரறிய எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். ஒத்திகை முடிந்ததும் கேட்டேன். காட்சி முடியட்டும் என்றீர்கள். காட்சிகள் முடிந்தபின் எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. அதற்குள் அடுத்த நாடகத்துக்கான ஆள் தேர்வு தொடங்கிவிட்டது. இனியும் காத்திருந்தால் பேசுவதற்கு ஒரு குழுவே இருக்காது. அதனால்தான் இந்த மடல்.

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இந்தக் குழுவில் சேர்ந்தேன். சேரும்போது என்னிடம் சொல்லப்பட்டது தெளிவாக நினைவிருக்கிறது. இங்கே நட்சத்திரம் என்று யாரும் கிடையாது, முதலில் மேடையைப் பெருக்கக் கற்றுக்கொள், பிறகு கூட்டத்தில் நிற்கக் கற்றுக்கொள், அதன்பிறகு பாத்திரம் உன்னைத் தேடி வரும் என்றார்கள். அதை நம்பினேன். இன்றும் அந்த முறையில் தவறில்லை என்றே நம்புகிறேன். மேடைப் பலகைகளைச் சுமந்தேன். உடைகளுக்குப் பொத்தான் தைத்தேன். பக்கமேடையின் இருட்டில் பிரதியை விரித்துவைத்துக்கொண்டு, வசனம் மறந்து நிற்பவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தேன். கோரஸில் கடைசி வரிசையில் நின்று பாடினேன். எனக்குக் கிடைத்த முதல் பாத்திரம் ஒரு தூதுப்பெண். ஒரே ஒரு வசனம்: "அவர்கள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள்."

அந்த ஒரு வசனம் எனக்கு என்ன கற்றுத் தந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நீங்கள் எதைக் கலைக்கப்போகிறீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. முதல் சில காட்சிகளில் ஓடிவந்து மூச்சு வாங்கக் கத்திச் சொல்லிவிட்டு வெளியேறினேன். அரசியாக நடித்த மூத்த நடிகை ஒருநாள் நான் சொல்லி முடித்த பிறகும் பேசவில்லை. அவர் எடுத்துக்கொள்ள வேண்டிய வசனம் வரவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அரங்கு முழுவதும் மூச்சடங்கியது. போவதா நிற்பதா என்று தெரியாமல் நானும் அவரையே பார்த்தேன். அதன்பிறகுதான் அவர் தன் வசனத்தைச் சொன்னார். நான் கொண்டுவந்த செய்தி ஒரு மனுஷியின் காதில் விழுந்து, அவள் நெஞ்சுக்குள் இறங்கி, அவளை உடைப்பதை அன்றுதான் பார்த்தேன். நடிப்பு என்பது எதிரில் இருப்பவரைக் கேட்பது என்று பயிற்சிப் பட்டறைகளில் நூறு முறை சொல்லியிருந்தார்கள். அது எனக்குப் புரிந்தது அந்த இரவில்தான். மறுநாள் நான் மெதுவாக வந்தேன். அவர் வேறொரு விதமாகக் கேட்டார். அந்தப் பருவம் முழுவதும் அந்த ஒரு வசனத்தைச் சுற்றி இருவரும் ஒவ்வோர் இரவும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தோம்.

இந்தக் கல்வி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஒரே மேடையில், ஒரே ஆட்களோடு, பருவம் பருவமாக நின்றால்தான் கிடைக்கும். மூன்று வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு, நாடகம் முடிந்ததும் அவரவர் வழியில் பிரிந்துபோகிற ஏற்பாட்டில் ஒரு மூத்த நடிகை ஒரு புதிய பெண்ணுக்காகத் தன் வசனத்தை நிறுத்திவைக்க மாட்டார். அதற்கு அவருக்கு நேரமும் இருக்காது, அவசியமும் இருக்காது.

ஒத்திகைக் கூடத்தின் சுவரில் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் புகழ்பெற்ற கருத்தை எழுதிவைத்திருக்கிறீர்கள். இன்று ஷேக்ஸ்பியரின் நாயகன் ஹாம்லெட்டாக நடிப்பவர் நாளை கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும், அப்போதும் அவர் கலைஞராகவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறிய வேடம் கொடுக்கும்போதெல்லாம் எங்களுக்கு இதைச் சுட்டிக்காட்டுவீர்கள். ஆனால் அது கூட்டத்தில் நிற்பவருக்கு மட்டும் சொல்லப்பட்ட அறிவுரை இல்லை. ஹாம்லெட்டாக நடித்தவர் கூட்டத்துக்கு இறங்கி வந்தால்தான் கூட்டத்தில் நின்றவர் ஹாம்லெட்டாக முடியும். ஒரு பாதியை மட்டும் கடைப்பிடித்தால் அது பாதிக் கொள்கைகூட ஆகாது. எங்கள் குழுவில் கூட்டத்தில் நிற்பவர்கள் என்றும் கூட்டத்திலேயே நிற்கிறார்கள். இனி ஹாம்லெட் வெளியிலிருந்து வருவார் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அப்படியானால் அந்தச் சுவரெழுத்தை யாருக்காக விட்டுவைத்திருக்கிறீர்கள்?

ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இணைந்து தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கம் தன் கொள்கையைச் சுவரில் எழுதியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'கடற்பறவை' நாடகம் 1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பேர்பெற்ற அரசு அரங்கில், பேர்பெற்ற நடிகர்களோடு, போதிய ஒத்திகை இல்லாமல் மேடையேறியது. முதல் இரவு படுதோல்வி. இனி நாடகமே எழுதுவதில்லை என்று செகாவ் மனம் வெறுத்துப் போனார். அதே நாடகத்தை 1898-ல் புதிதாகத் தொடங்கிய மாஸ்கோ குழு மேடையேற்றியது. அர்காதினாவாக நடித்த ஓல்கா நிப்பரும், திரெப்லெவாக நடித்த மெயர்ஹோல்டும் அந்த ஆண்டுதான் நாடகப் பள்ளியிலிருந்து வெளிவந்தவர்கள். மெயர்ஹோல்டுக்கு வயது 24. அந்தக் கோடையில் குழுவினர் ஒரு கிராமத்தில் தங்கி, அங்கிருந்த ஒரு கொட்டகையில் ஒன்றாக ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே அவர்களோடு நடித்தார். அறிமுகமான முகங்களால் காப்பாற்ற முடியாத நாடகத்தை அறிமுகமே இல்லாத ஒரு குழு காப்பாற்றியது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான், ஐயா. உங்கள் வகுப்பில் எழுதிக்கொண்ட குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர்களுக்கும் முன்பே ஜெர்மனியின் மைனிங்கன் குழு இதைச் செய்து காட்டியது. 1874 முதல் 1890 வரை ஐரோப்பா எங்கும் சுற்றி நாடகம் போட்ட குழு அது. முதன்மைப் பாத்திரம் இல்லாத நாளில் எந்த நடிகரும் கூட்டத்தில் நின்றே ஆக வேண்டும் என்பது அவர்கள் விதி. கூட்டத்தைச் சிறுசிறு பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் அனுபவமுள்ள ஒரு நடிகரைத் தலைவராக நிறுத்தினார்கள். இளையவர் மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்.

தமிழ் நாடகத்தின் சொந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தொடங்கிய, சிறுவர்களே நடிக்கும் பால சபையில் ஆறு வயதில் சேர்ந்தவர் நாடக நடிகர் தி.க. சண்முகம். அந்தச் சிறுவன் அபிமன்யுவாக நடித்த 'அபிமன்யு சுந்தரி'யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் அறிந்த செய்தி. எழுத்திலும் இசையிலும் தன்னிகரற்ற ஓர் ஆசிரியர், தன்னிடம் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, அவர்களால் எது முடியும் என்று கணித்து நாடகம் எழுதினார். சில ஆண்டுகளிலேயே, 1925-ல், சண்முகமும் அவருடைய சகோதரர்களும் சொந்தச் சபை தொடங்கினார்கள். பாலர் சபைகளில் இருந்த அடியையும் பசியையும் நான் போற்றவில்லை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன் ஒரே நாளில் வேடத்தை இழந்து நின்ற கதைகளையும் படித்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்குக் குரல் உடைந்தது. எங்களுக்கு எதுவும் உடையவில்லை. குரல் இப்போதுதான் திறந்திருக்கிறது. இந்த நேரத்தில் வெளியே போகச் சொல்கிறீர்கள்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். சென்ற பருவத்தின் பெரிய நாடகத்தில் நான் நாயகிக்கு மாற்று நடிகை. முழுப் பாத்திரத்தையும் மனப்பாடம் செய்து, ஒவ்வோர் ஒத்திகையிலும் ஓரத்தில் நின்று அசைவுகளைக் குறித்துக்கொண்டு, யாருமில்லாத நேரத்தில் வெற்று மேடையில் தனியாக நடந்து பார்த்தேன். ஓர் இரவு மூத்த நடிகைக்குக் கடும் காய்ச்சல். காட்சி தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது என்னை அழைத்தீர்கள். நடித்தேன். காட்சி நிற்கவில்லை. டிக்கெட் பணம் யாருக்கும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. திரை விழுந்ததும் நீங்களே வந்து என் தோளைத் தட்டினீர்கள். பிறகு அந்த மூத்த நடிகை உடல்நிலை காரணமாக விலகியபோது பாத்திரம் எனக்கு வரும் என்று நான் மட்டும் எதிர்பார்க்கவில்லை, குழுவே எதிர்பார்த்தது. தொலைக்காட்சியில் பெயர் பெற்ற ஒருவரை அழைத்தீர்கள். அவருக்கு ஒத்திகைக்கு நேரம் குறைவு என்பதால் அசைவுகளைச் சொல்லிக்கொடுக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தீர்கள்.

அந்த நடிகைமீது எனக்குத் துளியும் குறை இல்லை. உழைத்தார், மரியாதையாக நடந்துகொண்டார், எனக்கு நன்றியும் சொன்னார். ஆனால் நாடகத்துக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். கோரஸும் நாயகியும் ஒரே மூச்சில் இயங்க வேண்டிய மூன்றாம் காட்சியைப் பழகுவதற்கு அவருக்கு நாள் போதவில்லை. அதனால் அதைச் சுருக்கினீர்கள். கடைசியில் அந்தக் காட்சியில் நாங்கள் ஓரமாக அசையாமல் நிற்க, அவர் நடுவில் நின்று பேசினார். அரங்கு நிறைந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த முகத்துக்காக வந்தவர்கள் எங்கள் அடுத்த நாடகத்துக்கு வரவில்லை. மேடையிலிருந்து பார்த்த எங்களுக்கு அது தெரியும். நுழைவு வாயிலில் நின்று டிக்கெட் கிழித்தவர்களும் நாங்கள்தான்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. எங்கள் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த 'மூழ்கும் ஊர்' காட்சி எப்படிப் பிறந்தது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிரதியில் அதற்கு இருந்தது இரண்டே வரி: மக்கள் வெளியேறுகிறார்கள், நீர் உயர்கிறது. மீதியை நாங்கள் கூட்டாக உருவாக்கினோம். வாரக்கணக்கில் உடனடி நடிப்புப் பயிற்சியாகச் செய்து பார்த்தோம், பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போட்டோம். ஒருநாள் எங்களில் ஒருவன் எல்லோரும் வெளியேறிய பிறகு திரும்பி வந்து, இல்லாத கதவை இழுத்துச் சாத்தி, இல்லாத பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை மடியில் செருகிக்கொண்டான். நாளை தண்ணீருக்கடியில் போகப்போகிற வீடு. கூடத்தில் யாரும் பேசவில்லை. நீங்கள் அழுதீர்கள். பார்வையாளர்கள் ஒவ்வோர் இரவும் அந்த இடத்தில் அழுகிறார்கள். விமர்சனங்கள் அதை இயக்குநரின் கற்பனை என்று பாராட்டின. சுவரொட்டியில் பிரதி, இயக்கம் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. அதைக் கண்டெடுத்தவன் இந்தப் பருவத்தின் நடுவிலேயே மேடையை விட்டுப் போய்விட்டான். இப்போது வேறொருவர் அந்தக் கதவைப் பூட்டுகிறார். குழு கலைந்தால் அந்தக் காட்சி உங்களிடமே இருக்கும். அதை உருவாக்கியவர்கள் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

கூட்டாக உருவாக்குகிற முறைக்கு உலகம் அறிந்த உதாரணம் பிரான்ஸின் தியேட்டர் து சொலெய். அரியான் முனுஷ்கினும் நண்பர்களும் 1964-ல் அதைக் கூட்டுறவாகத் தொடங்கினார்கள். இயக்குநர், நடிகர், விளக்கு போடுபவர் என எல்லோருக்கும் ஒரே ஊதியம் என்பது அவர்கள் நடைமுறை. எங்கள் பட்டறைகளில் அவர்களின் முறையைத்தான் எங்களுக்குக் கற்பித்தீர்கள். முகமூடிப் பயிற்சி, உடனடி நடிப்பு, கூட்டாகக் கதை கட்டுதல் என்று முறை மட்டும் இங்கே வந்தது. அதைத் தாங்கி நிற்கும் நியாயம் வரவில்லை.

செலவு அதிகமாகிவிட்டது என்கிறீர்கள். குழு நடத்துவதன் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்களுக்கு ஒத்திகைக்கு ஊதியம் கிடையாது. மேடையேறும் இரவுக்கு மட்டும்தான் பணம். பகலில் டியூஷன் எடுத்தும், பின்னணிக் குரல் கொடுத்தும், கடைக் கணக்கு எழுதியும் எங்கள் மாலைகளை உங்களுக்காகக் காலியாக வைத்திருந்தோம். இந்த ஏற்பாட்டில் நிரந்தரக் குழுவைக் கலைப்பதால் எவ்வளவு மிச்சமாகும்? வெளியிலிருந்து வருபவருக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டு அந்தக் கணக்கை ஒருமுறையாவது எங்கள் முன் வையுங்கள்.

இளையவர்கள் மேடையை ஏணியாகப் பயன்படுத்தி சினிமாவுக்குப் போய்விடுகிறார்கள் என்றும் சொல்கிறீர்கள். போனவர்களை எனக்குத் தெரியும். ஒருவர்கூடப் பாத்திரம் கேட்காமல் போகவில்லை. எத்தனை பருவம் காத்திருந்தார்கள் என்று பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும். ஒரு நடிகரின் உடலும் குரலும் உருவாகிற காலம் பத்தொன்பதிலிருந்து முப்பதுக்குள்தான். அந்த வருடங்களை இங்கே கொடுத்துவிட்டோம். பெண்களுக்கு இது இன்னும் கடினம். இருபத்தைந்தைத் தாண்டினால் வீட்டில் தினமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த பருவத்தில் பெரிய வேடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் காட்டித்தான் இத்தனை நாள் சமாளித்தோம். அந்த நம்பிக்கையை எங்களுக்குத் தந்ததும் நீங்கள்தான்.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

முதலில், சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். எல்லா நடிகர்களையும் மேடைத் தொழிலாளர்களையும் அழைத்து ஒரு பொதுக் கூட்டம் நடத்தி, வரவு செலவுக் கணக்கை வைத்து, அதன்பிறகு முடிவெடுங்கள். எங்கள் தரப்பிலிருந்து குறைந்தது இருவருக்கு நிர்வாகக் குழுவில் இடமும் வாக்கும் வேண்டும்.

குழுவைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சுருக்குங்கள், கலைக்காதீர்கள். இருப்பவர்களுக்கு ஒரு முழுப் பருவத்துக்காவது எழுத்தில் ஒப்பந்தம் கொடுங்கள். ஜெர்மனியின் நகர அரங்குகளிலும் நடிகர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்குத்தான். ஆனால் அதைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றால், பருவம் கோடையில் முடிவதற்கு முந்தைய அக்டோபர் 31-க்குள் நடிகருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்று அவர்களின் கூட்டு ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது. வேறு வேலை தேட அவருக்குப் பல மாதம் கிடைக்கிறது. அதே போன்ற கால அவகாசம் எங்களுக்கும் வேண்டும்.

ஒத்திகைக்கு ஊதியம் வேண்டும். காட்சிக்கான தொகையில் ஒரு பங்காக இருந்தாலும் போதும், ஆனால் ஒத்திகை உழைப்புதான் என்பது கணக்கில் ஏற வேண்டும்.

மாற்று நடிகராகத் தயாராகும் ஒவ்வொருவருக்கும் அந்த நாடகத்தின் ஓட்டத்தில் சில இரவுகள் முன்கூட்டியே அறிவித்து ஒதுக்கப்பட வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் எங்களுக்கு மேடை என்ற நிலை இனி வேண்டாம்.

வெளியிலிருந்து ஒருவரை அழைப்பதற்கு முன் அந்தப் பாத்திரத்துக்குக் குழுவுக்குள் தேர்வு நடத்துங்கள். தேர்வாகாதவருக்குக் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அப்படி அழைக்கப்படுபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் முழு ஒத்திகைக் காலத்துக்கும் வர வேண்டும்.

கூட்டாக உருவான காட்சிகளுக்குச் சுவரொட்டியிலும் நிகழ்ச்சிக் குறிப்பிலும் அதை உருவாக்கிய நடிகர்களின் பெயர் வர வேண்டும். குழுவை விட்டுப் போனவர்களின் பெயரும் வர வேண்டும். 'மூழ்கும் ஊர்' காட்சியிலிருந்து அதைத் தொடங்குங்கள்.

அடுத்த நாடகத்தின் பிரதி வாசிப்பு தொடங்குவதற்கு முன் இவை ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். இந்த மடலில் கையெழுத்திட விரும்பும் சக நடிகர்கள் இருக்கிறார்கள்; பாத்திரம் போய்விடுமோ என்ற பயத்தில் தயங்குகிறார்கள். யார்மீதும் இதற்காக நடவடிக்கை இருக்காது என்ற உறுதியையும் அந்தப் பதிலில் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவின் நடிகை ஒருத்தி